ஜப்பான் வாத்தியாரும் என் பீரோ சாவியும்

2025 செப்டம்பர் 20, புரட்டாசி முதல் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் உள்ள திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாளைக் கும்பிட விடியற்காலையிலேயே கிளம்புவதாக ஏற்பாடு. (அண்ணாமலையார் இருக்கும் திருவண்ணாமலை இல்லை. எங்கள் பக்கத்து மலைக்கோவில், தென்திருப்பதி என்போம்.) மகள் மூன்று வார லீவில் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தாள். நான் குளித்துவிட்டு வரும்போது சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகமே சரியில்லை.

"அப்பா, நான் திரும்பிப் போக முடியுமான்னே தெரியல" என்றாள்.

அங்கே முந்தின நாள், அந்த நாட்டு ஜனாதிபதி ஒரு பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். எச்1பி விசாவில் வெளியிலிருந்து உள்ளே வரும் ஒருவருக்காக அவரை வேலைக்கு வைத்திருப்பவர் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டுமாம். அன்றைய மதிப்பில் நம் பணம் சுமார் 88 லட்சம். ஞாயிறு பிறந்து ஒரு நிமிஷத்தில் அமல். நம் கடிகாரத்தில் அது ஞாயிறு காலை 9.31. புதிதாக வருபவர்களுக்கு மட்டுமா, ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்குமா என்பது அந்தக் காலை நேரத்தில் யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அவளுடைய சிநேகிதிகள் வாட்ஸ்அப்பில், "கம்பெனி உடனே திரும்பி வரச் சொல்லிவிட்டது, ஏர்போர்ட்டில் இருக்கிறேன்" என்று வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ராஜபாளையத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்கே இரண்டு மணி நேரம். அங்கிருந்து சென்னை, பிறகு எங்கேயோ ஒரு பாலைவன ஊரில் மாறி, பதினைந்து இருபது மணி நேரப் பயணம். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் 9.31-க்குள் போய்ச் சேர முடியாது. டிக்கெட் விலையை அவள் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பெருமாள் கோவில் அப்படியே நின்றுபோனது.

என் மகள் வேலை பார்ப்பது கம்பெனியில் இல்லை, ஒரு பல்கலைக்கழகத்தில். எச்1பி என்றவுடன் நம் ஊரில் எல்லாரும் குலுக்கலைத்தான் நினைப்பார்கள். வருஷத்துக்கு 65,000, அங்கேயே மேல்படிப்பு முடித்தவர்களுக்கு இன்னொரு 20,000, அதற்குள் பெயர் விழ வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. குலுக்கல் இல்லாமல் எந்த மாதத்திலும் மனுப் போடலாம். ஆனால் மனுப் போடுவது வேலைக்கு வருபவர் இல்லை, பல்கலைக்கழகம். முதலில் தொழிலாளர் துறைக்கு ஒரு விண்ணப்பம்: இந்த ஊரில் இந்த வேலைக்கு வழக்கமாக என்ன சம்பளமோ அதற்குக் குறையாமல் கொடுக்கிறோம் என்று. அந்தச் சம்பள விவரத்தை வேலை பார்க்கும் இடத்தில் இரண்டு இடங்களில் பத்து நாள் ஒட்டி வைக்க வேண்டும். "என் சம்பளத்தை காபி மெஷின் பக்கத்துல ஒட்டியிருக்காங்கப்பா" என்று அவள் முதல் தடவை சொன்னபோது நான் சிரித்தேன். அதற்குப் பிறகு ஐ-129 என்ற மனு. மனுக் கட்டணத்தைப் பல்கலைக்கழகம்தான் கட்ட வேண்டும். தடவைக்கு மூன்று வருஷம், பொதுவாக மொத்தம் ஆறு. நடுவில் வேலையை விட்டு நிறுத்தினால் ஊர் திரும்பும் செலவும் அவர்கள் தலையில். வேலை போனவருக்குக் கிடைப்பது அதிகபட்சம் அறுபது நாள்.

இதெல்லாம் எனக்கு எப்படி இவ்வளவு விவரமாகத் தெரியும் என்றால், அந்த வேலையின் இந்தியப் பக்கத்தை நான் செய்தவன். தென்மாவட்டத்தில் ஒரு பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம். அங்கே நிர்வாகப் பிரிவில் செக்‌ஷன் சூப்பரின்டென்டென்டாக இருந்து ஓய்வு பெற்றேன். வெளிநாட்டிலிருந்து ஒரு வாத்தியாரை வேலைக்கு எடுத்தால் அந்த ஃபைல் என் மேஜைக்குத்தான் வரும். மொத்தம் நாலைந்து பேர் வந்திருப்பார்கள். அதில் ஒருவரைப் பற்றி இதுவரை வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

2013-ல் எங்கள் இஞ்சினியரிங் பிள்ளைகளுக்கு ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும் என்று முடிவாயிற்று. ஜப்பான் கம்பெனிகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் நிறைய வந்துவிட்ட நேரம். அந்த மொழித் தேர்வில் என்5, என்4 என்று ஏதாவது ஒரு படி முடித்திருந்தால் வேலை எளிதாகக் கிடைக்கும் என்ற எண்ணம். ஒசாகா பக்கத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்த்த, நாற்பதை ஒட்டிய ஒருவர் வரச் சம்மதித்தார். அவர்கள் பள்ளி ஆண்டு மார்ச்சில் முடியும். மார்ச்சோடு வேலையை விட்டுவிட்டு ஜூனில் இங்கே சேர்வதாகப் பேச்சு.

இந்தியாவில் வேலைக்கான விசாவுக்கு அப்போது ஒரு வரம்பு இருந்தது. வருஷச் சம்பளம் 25,000 டாலருக்குக் குறையக் கூடாது. இங்கே ஆள் கிடைக்கும் வேலைக்கு வெளியாளை எடுக்கக் கூடாது, குமாஸ்தா வேலைக்கு எடுக்கவே கூடாது என்பதும் விதி. (என் நாற்காலிக்கு ஆபத்தில்லை என்று செக்‌ஷனில் பேசிச் சிரிப்போம்.) அந்தச் சம்பள வரம்பிலிருந்து சிலருக்கு விலக்கு உண்டு. தங்கள் நாட்டுச் சமையல் செய்ய வரும் சமையல்காரர்கள், தூதரகங்களில் வேலை பார்ப்பவர்கள், அப்புறம் ஆங்கிலம் தவிர்த்த மற்ற மொழி ஆசிரியர்கள். எங்கள் ஆள் அந்த மூன்றாவது கதவு வழியாகத்தான் வர வேண்டும். எங்களால் கொடுக்க முடிந்தது மாதம் 45,000 ரூபாய். 25,000 டாலர் என்றால் அன்றைக்கே 14 லட்சத்துக்கு மேல்.

நான் என்ன செய்தேன்? கம்ப்யூட்டரில் இருந்த வழக்கமான நியமன உத்தரவை எடுத்துப் பெயரை மாற்றினேன், சம்பளத்தை மாற்றினேன். பதவி என்ற இடத்தில் பழைய உத்தரவில் இருந்த 'உதவிப் பேராசிரியர், மொழிகள் துறை' அப்படியே இருந்தது. மரியாதையான பதவிதானே என்று விட்டுவிட்டேன். பதிவாளர் கையெழுத்துப் போட்டார், முத்திரை வைத்தோம், கூரியரில் போயிற்று. அங்கே இருந்தவர்கள் உதவிப் பேராசிரியர் என்று படித்தார்கள். சம்பளம் வரம்புக்குக் கீழே. மனு நிராகரிக்கப்பட்டது. 'ஜப்பானிய மொழி ஆசிரியர்' என்று அடித்திருந்தால் போதும், விஷயம் முடிந்திருக்கும்.

புதிய உத்தரவு போட்டு, புதிதாக மனுக் கொடுத்து, செப்டம்பர் முதல் வாரத்தில்தான் விசா கிடைத்தது. இடையில் நான் அவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன்: சின்னத் திருத்தம்தான், கவலைப்பட ஒன்றுமில்லை என்று. ஃபைலில் 'விசா கிடைப்பதில் தாமதம்' என்று ஒரு குறிப்பு வைத்தேன். யாரால் தாமதம் என்று யாரும் கேட்கவில்லை. நானாகவும் எழுதவில்லை.

2013 அக்டோபர் 21, திங்கட்கிழமை அவர் சென்னையில் வந்து இறங்கினார். பிள்ளைகள் ஒரே வாரத்தில் அவரை 'சென்சே' என்று கூப்பிடப் பழகிவிட்டார்கள். ஆசிரியர் என்று பொருள். ஒல்லியான மனிதர், பேசுவதற்கு முன்னால் ஒரு நொடி யோசிப்பார். தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருவதைக் கண்டுபிடித்துவிட்டு, எங்கள் மொழி மாதிரியே இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டார். ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ என்ற அவர்கள் நாட்டு அறிஞரே எழுதியிருக்கிறார் என்று எங்கள் தமிழ்த்துறைக்காரர் சொல்ல, மொழியியல்காரர்கள் பலர் அதை ஏற்கவில்லை என்று அவரே சிரித்துக்கொண்டே திருத்தினார்.

180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருபவர் வந்த பதினான்கு நாளுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். பெருநகரங்களில் அதற்குத் தனி அலுவலகம் உண்டு; மாவட்டங்களில் எஸ்.பி. ஆபீஸ். இப்போது எல்லாம் ஆன்லைன். அப்போது காகிதம்தான்: மனு, போட்டோக்கள், பாஸ்போர்ட், விசா நகல், ஒப்பந்தம், இவருக்கு நாங்கள் பொறுப்பு என்ற உறுதிமொழிக் கடிதம். அதோடு ஃபார்ம் சி. வெளிநாட்டவர் யார் வந்து தங்கினாலும், தங்க வைத்தவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டிய படிவம் அது. லாட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு இது அத்துப்படி. எங்கள் கெஸ்ட் ஹவுஸில் யாருக்கும் தெரியாது. நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. 29-ம் தேதி எஸ்.பி. ஆபீஸுக்குப் போனபோது ஃபார்ம் சி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வாரம் தீபாவளி. நவம்பர் 2, சனிக்கிழமை. 'திங்கட்கிழமை பார்த்துக்கலாம், அன்னிக்குத்தான் பதினாலு' என்று நான் ஊருக்குக் கிளம்பினேன். பண்டிகை நாளில் கெஸ்ட் ஹவுஸில் தனியாக இருப்பாரே என்று அவரையும் அழைத்துக்கொண்டு வந்தேன்.

தீபாவளியன்று என் வீட்டம்மா வைத்த எண்ணெய்க்கும் அதிரசத்துக்கும் ஈடுகொடுத்தார். மறுநாள் ஞாயிறு, அய்யனார் கோவிலுக்குப் போனோம். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: ராஜபாளையத்திலிருந்து முடங்கியாறு ரோட்டில் மேற்கே போனால் மாந்தோப்புகள், ஊருக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம், அதைத் தாண்டி வனத்துறை செக்போஸ்ட். 1988-லிருந்து அது சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம். 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டது. உள்ளே கல்லும் தண்ணீருமாக ஆறு. ஆற்றைக் கடந்தால் நீர்காத்த அய்யனார். லீவு நாளில் ஊரே அங்கேதான் குளிக்கும்.

சென்சே பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு ஆற்றைக் கடந்தார். சாமி முன்னால் நின்று இரண்டு தடவை குனிந்து, இரண்டு தடவை படீர் படீர் என்று கை தட்டி, மறுபடி குனிந்தார். அவர்கள் ஊர்க் கோவில்களில் அப்படித்தானாம். பொங்கல் வைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பாட்டி மட்டும், "சாமிய எழுப்புறாரு போல, எழுப்பட்டும்" என்றாள்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் மலை உச்சி தெரியவில்லை. எங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இதுதான் அந்த ஆற்றின் குணம். இங்கே ஒரு சொட்டு விழாது. மேலே கொட்டியது அரை மணியில் கீழே வந்து நிற்கும். முதலில் தண்ணீர் நிறம் மாறும், அப்புறம் சருகும் செத்தையும் மிதந்து வரும். வேட்டைத்தடுப்புக் காவலர் விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்தார். அக்கரையில் குளித்தவர்கள் அந்தப் பக்கமே ஏறிவிட்டார்கள். கோவில் பக்கம் இருந்த நாங்கள், குழந்தை குட்டிகளோடு ஐம்பது அறுபது பேர், மாட்டிக்கொண்டோம். காலையில் முழங்கால் அளவு இருந்த இடத்தில் பாறையே தெரியவில்லை.

பயப்படும்படி ஒன்றுமில்லை. கோவில் மேட்டில் இருக்கிறது. தீயணைப்பு வண்டி வரும், கயிறு கட்டுவார்கள், வருஷத்துக்கு ஒரு தடவையாவது நடப்பதுதான். எனக்கு வீட்டுக்குத் தகவல் சொல்ல முடியவில்லையே என்ற யோசனை மட்டும்தான். அங்கே டவர் கிடையாது. சென்சே ஒரு கல்லில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"நாளை பதினான்காவது நாள், இல்லையா?"

"ஆமாம் சார். ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள்."

வழக்கம்போல் ஒரு நொடி யோசித்தார். "ஜூன் மாதமும் அப்படித்தான் எழுதியிருந்தீர்கள்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நான்தான் தூண்டித் துருவிக் கேட்டேன். மார்ச்சில் வேலையை விட்டாயிற்று. இந்தியா போகிறோமே என்று வாடகை வீட்டையும் காலி செய்துவிட்டார். விசா நிராகரிக்கப்பட்டதும் அண்ணன் வீட்டில் போய் இருந்திருக்கிறார். அண்ணிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்ததால், ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டி கட்டும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். ஒப்பந்தம் அக்டோபர் நடுவரை. விசா செப்டம்பரிலேயே வந்தும் அவர் ஏன் உடனே புறப்படவில்லை என்று எங்கள் ஆபீஸில் நாங்கள் முணுமுணுத்திருக்கிறோம். "ஒப்புக்கொண்டதை முடித்துவிட்டு வர வேண்டும் இல்லையா" என்றார். பதினைந்து வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்த மனிதர். அந்தப் பதவிப் பெயரை அடித்த விரல் என்னுடையது என்று அப்போது சொல்லியிருக்கலாம். ஆற்றுச் சத்தம் பெரிதாக இருந்தது என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

இரவு எட்டு மணிக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையேறினோம். விடியற்காலை முதல் பஸ். பல்கலைக்கழகத்துக்குப் போய் நானே உட்கார்ந்து ஃபார்ம் சி நிரப்பி, கையெழுத்து வாங்கி, பதினொன்றரைக்கு எஸ்.பி. ஆபீஸில் நின்றோம். அங்கே இருந்த ஏட்டையா விரல்விட்டு எண்ணினார். "வந்த நாளைச் சேத்தா பதினஞ்சு சார்." என் வயிறு கலங்கியது. அவர் சென்சேயைப் பார்த்தார். இன்னும் முழுசாகக் காயாத அவருடைய ஷூவைப் பார்த்தார். "வந்த நாள விட்டுட்டு எண்ணுறதுதான் முறை. பதினாலு" என்று முத்திரை வைத்தார். அன்று நான் ஏட்டையாவுக்கு வைத்த கும்பிடு அய்யனாருக்குக்கூட வைத்ததில்லை.

அதற்குப் பிறகு நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான்.

முதல் வருஷ முடிவில் நீட்டிப்பு ஒழுங்காக நடந்தது. எஸ்.பி. ஆபீஸ் வழியாகச் சென்னை சாஸ்திரி பவனுக்குப் போய் ஒரு வருஷம் கிடைத்தது. அடுத்தது 2015 செப்டம்பரில் முடியும். ஜூலை ஆரம்பத்திலேயே ஒப்பந்த நீட்டிப்பும் உறுதிமொழிக் கடிதமும் தட்டச்சு செய்து வைத்துவிட்டேன், இந்தத் தடவை பதவிப் பெயரை மூன்று முறை சரிபார்த்து. பதிவாளர் அன்று மாலை நாலு மணிக்கு மேல் ஊரிலிருந்து வருவதாக இருந்தது. நான் மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். என் மகளுக்கு அமெரிக்காவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்து, சென்னைத் தூதரகத்தில் எஃப்1 விசா நேர்காணல். ஃபைலை மேஜையில் விட்டுப் போனால் காணாமல் போகும் என்று பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என் பையில். பக்கத்து நாற்காலிக்காரரிடம் கொடுத்திருந்தால் அவர் ஐந்து மணிக்குக் கையெழுத்து வாங்கியிருப்பார். தோன்றவில்லை.

கைரேகை ஒரு நாள், நேர்காணல் மறுநாள். விசா கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் ரங்கநாதன் தெருவில் சூட்கேஸ், ஸ்வெட்டர் என்று அலைந்து, தாம்பரத்தில் சொந்தக்காரர் வீட்டில் இரண்டு நாள் இருந்து, ஒன்பதாவது நாள் வேலைக்குத் திரும்பினேன். ஃபைலை எடுத்துக்கொண்டு பதிவாளர் அறைக்குப் போனேன். "ஜப்பானிய வகுப்பை இந்த வருஷத்தோட நிறுத்தச் சொல்லி முந்தாநாள் கூட்டத்துல முடிவாயிடுச்சே, இது வேண்டாம்" என்றார். மொழி படித்த பிள்ளைகளின் எண்ணிக்கை போதவில்லையாம்.

வகுப்பை நிறுத்தியது என் முடிவு இல்லை. ஆனால் அந்தக் கடிதம் ஒன்பது நாள் முன்னால் கையெழுத்தாகிப் போயிருந்தால் அவருக்கு இன்னொரு வருஷ ஒப்பந்தம் கையில் இருந்திருக்கும். கையெழுத்தான ஒப்பந்தத்தை யாரும் கிழித்திருக்க மாட்டார்கள். அந்த ஒரு வருஷத்தில் அவர் வேறு இடம் தேடி, முறைப்படி மாறியிருக்கலாம். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி அவரைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வேலை விசா வேலை கொடுத்தவரோடு கட்டப்பட்டது. இங்கே இருந்தபடியே பொதுவாக ஆளை மாற்ற முடியாது. ஊருக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து புதிதாக மனுப் போட்டு வர வேண்டும். "மறுபடியும் அண்ணன் வீடா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

ஆகஸ்டில் என் மகள் அமெரிக்காவுக்கு விமானம் ஏறினாள். செப்டம்பரில் அவர் ஜப்பானுக்கு ஏறினார். பஸ் ஸ்டாண்டு வரை போய் வழியனுப்பினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு கிலோ வாங்கிக் கொடுத்தேன். பீரோவைப் பற்றிச் சொல்லவில்லை.

அவர்கள் நாட்டில் புத்தாண்டுக்கு அஞ்சல் அட்டை அனுப்புவது வழக்கம். வருஷா வருஷம் எனக்கு ஒன்று வரும். அந்த வருஷத்து மிருகத்தின் படம், கீழே கோணல்மாணலாகத் தமிழில் 'நலமா?'. 2020-ல் எலி படம் வந்தது. அதோடு நின்றுபோனது.

இதெல்லாம்தான் அந்தச் சனிக்கிழமை முழுவதும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மகள் போனைக் கீழே வைக்கவில்லை. மறுநாள் மகாளய அமாவாசை. அய்யனார் கோவிலுக்குப் போய் ஆற்றில் குளித்துவிட்டு வரலாம் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். "அங்க டவர் இருக்காதுப்பா, நான் வரல" என்றுவிட்டாள். ராத்திரி அவள் தூங்கவில்லை, அவள் தூங்காததால் அவள் அம்மாவும் தூங்கவில்லை.

ஞாயிறு விடியற்காலை ஒரு மின்னஞ்சல் வந்தது. அவளுடைய பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டுப் பணியாளர்களைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி. அங்கே அப்போது சனிக்கிழமை மாலை. அரசாங்கத்தின் விளக்கம் சற்று முன்புதான் வந்திருக்கிறது, அது இனிமேல் போடும் புது மனுக்களுக்கு மட்டும்தான், உன்னுடையதைத் தொடாது, நிதானமாக லீவு முடிந்து வா. விமான நிலையத்தில் கேட்டால் காட்ட இந்தக் கடிதத்தை அச்சிட்டு வைத்துக்கொள், ஏதாவது சிக்கல் என்றால் இந்த எண்ணில் எந்த நேரமும் என்னைக் கூப்பிடு என்று எழுதி, தன் சொந்த கைபேசி எண்ணையும் போட்டிருந்தார். கடிதம் பல்கலைக்கழகத் தாளில், கையெழுத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. எங்கள் பட்டியலில் நூற்றுச்சொச்சம் பேர், வெளியே இருக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருக்கிறேன், உன் முறை வரத் தாமதமானதற்கு மன்னித்துக்கொள் என்று கடைசியில் ஒரு வரி.

அதை நான் இரண்டு தடவை படித்தேன். "அந்தம்மாவுக்கு சனிக்கிழமையும் ஆபீஸா?" என்றேன்.

"லீவுதான்ப்பா. யாரு கேட்டா? அவங்களே பண்றாங்க."

காபி ஆறிப்போனது. என்னப்பா என்றாள். முதல் தடவையாகச் சொன்னேன்: உதவிப் பேராசிரியர் என்று அடித்தது, கிடங்கு, பீரோ, சாவி, ரங்கநாதன் தெரு எல்லாம். "என் இன்டர்வியூ அன்னிக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அவருக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது."

"அட்ரஸ் இருக்கா?"

அட்டைகள் எல்லாம் பத்திரமாக இருந்தன, ஸ்டீல் பீரோவில், வீட்டுப் பத்திரங்களோடு. எல்லாவற்றிலும் ஒரே முகவரி. அண்ணன் வீடா, சொந்த வீடா தெரியாது. பத்து மணிக்கு மேல் மூன்று பேருமாக அய்யனார் கோவிலுக்குப் போனோம். கூட்டம். ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். அந்தக் கல்லைக் காட்டினேன். மகள் அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அக்டோபர் முதல் வாரம் அவள் போய்ச் சேர்ந்தாள். விமான நிலையத்தில் அந்தக் கடிதத்தைக் கேட்கவே இல்லையாம். அவள் போன மறுநாள் ஆங்கிலத்தில் நாலு பக்கம் எழுதினேன். ஆபீஸ் ஆங்கிலம்தான் எனக்கு வரும். 'வருந்துகிறேன்' என்ற இடத்தில் கை தானாக 'தங்கள் மேலான கவனத்துக்கு' என்று போகப் பார்த்தது, அடித்துவிட்டுத் திருப்பி எழுதினேன். ஜப்பானிய எழுத்தில் முகவரியை எழுத வராமல், பழைய அட்டையில் இருந்ததை நகலெடுத்து உறையின் மேல் ஒட்டினேன். தபால் ஆபீஸில் எடை போட்ட பெண், "இது என்ன சார், படமா?" என்று கேட்டது. முகவரிதாம்மா என்றேன். பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இதை எழுதும் வரை திரும்பியும் வரவில்லை, பதிலும் வரவில்லை.